நாட்பட்ட நோயும் ஆயுர்வேத வைத்தியமும்

(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் வைத்தியத்தைப் பற்றியதாகும். நாம் வைத்தியம் படித்தவரல்ல. பள்ளிக்கூடத்திலும் அதிக நாள் உட்கார்ந்தவரல்ல. ஆனாலும் வியாதியானது படித்தவன், படிக்காதவன் என்று பார்த்து வருவதில்லையாதலால், வைத்தியத்தைப் பற்றி யோசிக்கவும் கேள்வி கேட்கவும் எல்லோருக்கும் பாத்தியதை உண்டு என்று கருதியே பேச முன்வந்தோம். நாம் சொல்லுகின்றோம் என்பதற்காக எதையும் நீங்கள் நம்பவேண்டியதில்லை. உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு, மற்றதை இங்கேயே விட்டுவிட்டுப் போகலாம்.

நம்முடைய தோழர்களில் அநேகர் கோயிலை விட்டுவிட்டார்கள், சடங்கை விட்டுவிட்டார்கள், சோதிடனைக் கண்டால் சிரிக்கின்றார்கள். ஆனால் அவர்களுக்கே சர்க்கரை வியாதி என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிட்டால், அன்றைக்கே யாரோ சொன்ன ஊருக்கு ரயிலேறிப் போய், யாரோ கொடுத்த சூரணத்தை, அதில் என்ன இருக்கின்றது என்றுகூடக் கேளாமல் வாயில் போட்டுக்கொள்ளுகின்றார்கள். கடவுளிடத்தில் விட்ட நம்பிக்கையைக் கொண்டுபோய் வைத்தியரிடத்தில் வைத்துவிட்டால் அது பகுத்தறிவு ஆகிவிடுமா என்று கேட்கின்றோம்.

எந்த வியாதிகளைப் பற்றிப் பேசுகின்றோம்?

காய்ச்சல், பேதி, அம்மை போன்றவை வந்தால் சில நாளில் தெரிந்துவிடும். ஒன்று பிழைப்பான், அல்லது போய்விடுவான். நாம் இன்று பேசுவது அவைகளைப் பற்றியல்ல. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, உடற்பருமன், மூட்டுவலி ஆகிய நாட்பட்ட வியாதிகளைப் பற்றியேயாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான கணக்கின்படி, இந்தத் தேசத்தில் நீரிழிவுக்காரர்கள் சுமார் 10 கோடி பேர். அதன் வாசற்படியில் நிற்கின்றவர்கள் சுமார் 13 கோடியே 60 லட்சம் பேர். வயது வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இரத்தக் கொதிப்பு. ஆகவே இது பணக்காரன் வியாதி என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் போய்விட்டது.

இந்த வியாதிகளுக்கு மூன்று குணங்கள் உண்டு. ஒன்று, மூட்டுவலி நீங்கலாக மற்றவற்றில் நெடுநாள் வரையில் வலி தெரியாது. இரண்டு, சர்க்கரையின் அளவும் இரத்த அழுத்தமும் நாளுக்கு நாள் ஏறும், இறங்கும். மூன்று, சாதாரணமாக முற்றிலும் போய்த் தொலையாது. வாழ்நாள் முழுதும் அடக்கி வைத்துக்கொண்டிருக்க வேண்டும். இந்த மூன்று குணங்களும் வியாபாரிக்கு எவ்வளவு வசதியானவை பாருங்கள்! வலி தெரியாததால் மருந்து கேட்காவிட்டாலும் நோயாளிக்குத் தெரியாது. ஏறி இறங்குவதால், இறங்கின சமயம் பார்த்து, “நம் லேகியத்தால் இறங்கிற்று” என்று சொல்லிவிடலாம். முற்றும் போகாததால், “வேரோடு போக்குகின்றேன்” என்று எவன் சொன்னாலும் அவன் பின்னே ஓட ஜனங்கள் தயாராயிருப்பார்கள்.

வைத்தியர் செய்வதென்ன?

ஆயுர்வேத வைத்தியரிடம் ஜனங்கள் ஏன் போகின்றார்கள் என்பதை முதலில் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் காலை முதல் வரிசையில் நின்று, டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தால், இரண்டு நிமிஷத்தில் சீட்டைக் கிழித்துக் கொடுத்து “அடுத்த ஆள்” என்கின்றார்கள். வைத்தியரோ, நாடியைப் பிடித்து, நாக்கைப் பார்த்து, பசி எப்படி, தூக்கம் எப்படி, மலம் எப்படிப் போகின்றது, கோபம் வருமா, என்ன வேலை, எப்போது சாப்பாடு என்று ஒரு மணி நேரம் விசாரிக்கின்றார். தன் துன்பத்தை ஒரு மனிதன் காதுகொடுத்துக் கேட்டான் என்பதிலேயே நோயாளிக்குப் பாதி பாரம் குறைந்துவிடுகின்றது. இதைக் குற்றமென்று நாம் சொல்ல வரவில்லை. எல்லா டாக்டர்களும் கற்றுக்கொள்ளவேண்டிய குணம் என்றே சொல்லுகின்றோம்.

விசாரித்த பிறகு, “உனக்குக் கபம் மிஞ்சியிருக்கின்றது” என்றோ, “வாதம் கெட்டிருக்கின்றது” என்றோ தீர்மானிக்கின்றார். பத்தியம் சொல்லுகின்றார். தயிர், வெல்லம், புது அரிசி, மாவுப் பண்டம், பகல் தூக்கம் கூடாது. நடக்க வேண்டும் என்கின்றார். பிறகு நெல்லிக்காயும் மஞ்சளும் சேர்ந்த மருந்து, நாவல் கொட்டைத் தூள், சிறுகுறிஞ்சான், வேங்கைப் பட்டை, சிலாசத்து என்று கொடுக்கின்றார். வசதியுள்ளவனாயிருந்தால், வாந்தி, பேதி, வஸ்தி, நசியம், இரத்தம் வாங்குதல் என்கின்ற பஞ்சகர்மத்திற்கு அங்கேயே அறையெடுத்துத் தங்கச் சொல்லுகின்றார். இதுதான் மொத்த முறையாகும்.

ஏட்டில் உள்ள நல்ல சங்கதி

இந்த முறைக்கு ஆதாரமான சரகம், சுசுருதம் என்ற புத்தகங்களில் நீரிழிவைப் பற்றி எழுதியிருப்பதைப் பார்ப்போமேயானால், அதில் மெச்சத்தக்க சங்கதிகள் இருக்கின்றன. மேகம் 20 வகை என்றும், கபத்தால் 10, பித்தத்தால் 6, வாதத்தால் 4 என்றும் பிரித்திருக்கின்றார்கள். சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைக் கவனித்திருக்கின்றார்கள். சுகமாக உட்கார்ந்திருப்பது, சுகமாகத் தூங்குவது, தயிரும் பாலும் வெல்லமும் புதுத் தானியமும் மிகுதியாய்த் தின்பது ஆகியவையே காரணம் என்று எழுதியிருக்கின்றார்கள். பருத்த நோயாளி வேறு, மெலிந்த நோயாளி வேறு, பருத்தவனைக் குறைக்க வேண்டும், மெலிந்தவனைப் போஷிக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கின்றார்கள். பெற்றோர் வழியாய் வருவதும் உண்டு என்று தெரிந்திருக்கின்றார்கள்.

இவ்வளவும் எப்படித் தெரிந்தது? ஞானதிருஷ்டியினாலா? கிடையவே கிடையாது. யாரோ சில மனிதர்கள், கண்ணைத் திறந்து நோயாளிகளைப் பார்த்து, ஒருவனோடு ஒருவனை ஒப்பிட்டு, யோசித்துக் கண்டுபிடித்ததாகும். இது மனித புத்தியின் வேலை. இதற்கு நாம் தலைவணங்கத் தயார். ஆனால் இந்தப் பெருமையை மனிதனுக்குக் கொடுக்க மனமில்லாமல், பிரம்மா தட்சனுக்குச் சொன்னான், தட்சன் அசுவினி தேவர்களுக்குச் சொன்னான், அவர்கள் இந்திரனுக்குச் சொன்னார்கள், இந்திரன் பரத்துவாசனுக்குச் சொன்னான் என்று கதை கட்டிவிட்டார்கள். இதனால் வந்த கேடு என்னவென்றால், மனிதன் சொன்னதாயிருந்தால் அடுத்த மனிதன் திருத்தலாம். பிரம்மா சொன்னதை யார் திருத்துவது? பார்த்து எழுதியவன் போய், மனப்பாடம் செய்பவன் வந்து உட்கார்ந்துகொண்டான்.

ஏட்டில் உள்ள மற்ற சங்கதி

அதே சரகத்தில் வைத்தியம் மூன்று வகை என்று சொல்லப்பட்டிருக்கின்றது. ஒன்று, மந்திரம், மணி, பலி, ஓமம், பிராயச்சித்தம் முதலிய தெய்வ வைத்தியம். இரண்டு, ஆகாரத்தையும் மருந்தையும் யுக்தியோடு கொடுக்கும் வைத்தியம். மூன்று, மனதை அடக்கும் வைத்தியம். இரண்டாவதை ஒப்புக்கொள்ளலாம், மூன்றாவதிலும் ஏதோ அர்த்தமிருக்கலாம். ஆனால் முதலாவதைக் கூடவே கட்டிவைத்ததன் நோக்கமென்ன? இரண்டாவது தவறும்போது, “இது போன ஜன்மத்து வினை” என்று முதலாவதில் போய் ஒளிந்துகொள்ளத்தானே?

சுசுருதத்தில் இன்னொரு வேடிக்கை இருக்கின்றது. நீரிழிவு முற்றினவனுக்கு என்ன பரிகாரம்? காசில்லாதவன் செருப்பும் குடையும் இல்லாமல், பிச்சையெடுத்துச் சாப்பிட்டுக்கொண்டு, நூறு யோசனை தூரம் நடக்க வேண்டும். பணக்காரன் சாமை முதலிய எளிய தானியமும் நெல்லிக்காயும் விளாங்காயும் தின்று காட்டில் வாழலாம். பிராமணனாயிருந்தால் சிந்தின கதிர் பொறுக்கி வாழ வேண்டும். மற்றவன் ஓயாமல் உழ வேண்டும், அல்லது கிணறு தோண்ட வேண்டும்! தோழர்களே! நடப்பதும் உழைப்பதும் நீரிழிவுக்கு நல்லது என்ற உண்மை இதில் இருக்கின்றது, மறுக்கவில்லை. ஆனால் சர்க்கரை ரத்தத்தில் ஏறும்போது ஜாதி பார்த்தா ஏறுகின்றது? மருந்துச் சீட்டிலும் ஜாதியை எழுதிய புத்தியை என்னவென்று சொல்லுவது? வைத்தியம் படிக்கும் யோக்கியதையைப் பற்றிச் சொல்லும்போதும், நல்ல குலத்துச் சூத்திரனுக்கு மந்திரத்தை நீக்கிச் சொல்லிக்கொடுக்கலாம் என்பது “சிலர்” அபிப்பிராயம் என்றுதான் அதே புத்தகம் சொல்லுகின்றது.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். இருபது மேகங்களில் வாதத்தால் வரும் நான்கும், அதாவது மதுமேகம் உட்பட, தீராதவை என்று அந்த ஏடுகளே ஒப்புக்கொண்டிருக்கின்றன. பெற்றோர் வழி வந்ததும் தீராது என்கின்றன. இவ்வளவு யோக்கியமாக ஏடு எழுதியிருக்க, அந்த ஏட்டின் பேரைச் சொல்லிக் கடை வைத்திருப்பவர், “ஒரு மண்டலத்தில் சர்க்கரை வேரோடு போகும்” என்று சுவரில் எழுதி வைக்கின்றார் என்றால், அவர் நம்மை மாத்திரமா ஏமாற்றுகின்றார்? தம்முடைய சரகரையும் சேர்த்தல்லவா ஏமாற்றுகின்றார்! தம்மைத் தாமே புகழ்ந்துகொண்டு நோயாளியைத் தேடித் திரியும் போலி வைத்தியர்களைப் பற்றி அந்தச் சரகத்திலேயே எச்சரிக்கை செய்திருக்கின்றது என்பதையும் அவர்களுக்கு ஞாபகப்படுத்துகின்றோம்.

தப்பித்துக்கொள்ளும் வழி

வாதம், பித்தம், கபம் என்பவற்றை யாரும் கண்ணால் பார்த்ததில்லை, எடை போட்டதில்லை. கண்ணால் காணாததெல்லாம் பொய் என்று நாம் சொல்லவில்லை. கிருமியும் கண்ணுக்குத் தெரியாததுதான். ஆனால் கிருமியைக் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். இருக்கின்றதா, இல்லையா என்பதில் இரண்டு டாக்டர்கள் ஒரே முடிவுக்கு வரலாம். தோஷமோ, ஒரு வைத்தியர் வாதம் என்பார். அடுத்த தெருவில் கபம் என்பார். யார் சொன்னது தப்பு என்று தீர்க்க என்ன வழி?

வியாதி குறைந்தால் மருந்தின் மகிமை. குறையாவிட்டால் பத்தியத்தை மீறினாய். பத்தியத்தையும் மீறவில்லையென்றால், மருந்து வேலை செய்யுமுன் இங்கிலீஷ் மாத்திரையின் விஷம் இறங்கவேண்டும். அதுவும் இறங்கிவிட்டதென்றால், கர்மம்! எந்தப் பக்கம் விழுந்தாலும் வைத்தியர் தோற்காத இந்த ஆட்டத்தை நாம் வேறெங்கே பார்த்திருக்கின்றோம்? வேண்டுதல் பலித்தால் சாமி சக்தி, பலிக்காவிட்டால் பக்தி போதாது என்று சொல்லும் பூசாரியிடத்தில் அல்லவா?

சோதனைக் கல்

அப்படியானால் மூலிகையெல்லாம் பொய்யா என்று கேட்பீர்கள். இல்லை. உரசிப் பார்த்துத் தங்கமானதை எடுத்துக்கொள். பித்தளையை எறிந்துவிடு என்கின்றோம். மூன்று உதாரணம் சொல்லுகின்றோம்.

ஒன்று, சர்ப்பகந்தா என்ற வேர். கல்கத்தாவில் ஆயுர்வேதமும் மேல்நாட்டு வைத்தியமும் தெரிந்த கணநாத் சென் என்பவர், கார்த்திக் சந்திர போசுடன் சேர்ந்து, இந்த வேர் இரத்தக் கொதிப்பைத் தணிக்கின்றது என்று 1931-இல் எழுதினார். பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் நோயாளிகளுக்குக் கொடுத்து, அழுத்தத்தை அளந்து, 1949-இல் இங்கிலாந்து வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார். 1952-இல் சுவிட்சர்லாந்தில் அதன் சத்தைப் பிரித்தெடுத்தார்கள், உலகமெங்கும் உபயோகித்தார்கள். மனச்சோர்வு முதலிய கெடுதல்கள் தெரிந்து, அதைவிட நல்ல மருந்துகளும் வந்தபின் அதற்கு மவுசு குறைந்தது. பாருங்கள்! ரிஷி சொன்னதென்று யாரும் எடுக்கவுமில்லை. ரிஷி சொன்னதாயிற்றே என்று விடாமல் வைத்துக்கொள்ளவுமில்லை.

இரண்டு, குக்குலு என்ற பிசின். கொழுப்பைக் குறைக்குமென்று ஏட்டில் இருப்பதைப் பார்த்து, 1960களில் காசியில் முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இருப்பதாகத் தெரிந்து, மருந்தாகவும் விற்பனைக்கு வந்தது. 2003-இல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் எடுத்து, சிலருக்குக் குக்குலுவும் சிலருக்கு வெறும் போலி மாத்திரையுமாக, யாருக்கு எது என்று தெரியாமல் எட்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். கெட்ட கொழுப்பு இறங்குவதற்குப் பதிலாகச் சிறிது ஏறியிருந்தது! சோதனை செய்யாமலிருந்தால் இது யாருக்குத் தெரியும்?

மூன்றாவது, இன்று நீரிழிவுக்கு முதல் மாத்திரையாக டாக்டர்கள் கொடுக்கும் மெட்பார்மின். அதன் மூதாதை ஐரோப்பாவில் வயலோரம் முளைக்கும் காலேகா என்ற செடி. அதன் சரக்கை ஆராய்ந்த வழியில் 1922-இல் இந்த மருந்தைச் செய்தார்கள். 1957-இல் பிரான்சு டாக்டர் ஜான் ஸ்டெர்ன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலனை வெளியிட்டார். அதுவும் நாட்டு மூலிகைதான். எந்த நாட்டு மூலிகை என்பதுதான் வித்தியாசம். ஆகவே, “நம் மருந்து”, “அன்னிய மருந்து” என்ற பிரிவினை பொய். சோதித்த மருந்து, சோதிக்காத மருந்து என்பதே உண்மையான பிரிவினையாகும்.

பலன் எதனால் வருகின்றது?

வைத்தியரிடம் போய்ச் சர்க்கரை குறைந்தவர்கள் நமக்கே தெரியும் என்பீர்கள். இருக்கலாம். எதனால் குறைந்தது என்பதே கேள்வி. சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரை நான்கு கூட்டமாகப் பிரித்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். சாதாரண யோசனை மாத்திரம் பெற்றவர்களில் மூன்றாண்டுக்குள் 100-க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. நடையும் ஆகார ஒழுங்கும் தொடர்ந்து சொல்லிக்கொடுக்கப்பட்ட கூட்டத்தில் 100-க்கு 39 பேருக்குத்தான் வந்தது. லேகியமில்லை, சூரணமில்லை, நடையும் சாப்பாடும் மாத்திரம்! பிரிட்டனில் 2017-இல் வெளியான மற்றொரு சோதனையில், நீரிழிவு வந்து ஆறு வருஷத்திற்குள்ளான பருத்த நோயாளிகளின் ஆகாரத்தைச் சில மாதம் கடுமையாகக் குறைத்து எடையை இறக்கியதில், ஒரு வருஷத்தில் 100-க்கு 46 பேர் மருந்தில்லாமலே நீரிழிவு அளவிற்குக் கீழே இருந்தார்கள்.

இப்போது விளங்குகின்றதா? வைத்தியர் நடக்கச் சொன்னார், வெல்லத்தை நிறுத்தினார், இரவுச் சாப்பாட்டைக் குறைத்தார், எடை இறங்கிற்று, சர்க்கரை இறங்கிற்று. வேலை செய்தது கால். கூலி வாங்கினது லேகியம்!

உயிர் போகும் இடம்

இவ்வளவோடு நின்றால் பணம்தான் நஷ்டம். உயிரும் அல்லவா போகின்றது? நமக்குத் தெரிந்த நெசவாளத் தோழர் ஒருவர் ஆஸ்பத்திரி மாத்திரையால் சர்க்கரையை அடக்கி வைத்திருந்தார். ஒரு வைத்தியர் “அதை நிறுத்தினால்தான் நம் மருந்து பிடிக்கும்” என்றார். நிறுத்தினார். ஒரு மண்டலம் மருந்து. உடம்பு லேசாயிருக்கின்றது என்று சொல்லிக்கொண்டிருந்தார். தறிக்குழியில் காலில் பட்ட சிறு காயம் ஆறவில்லை. வலியும் தெரியவில்லை, ஏனென்றால் நரம்பு மரத்துப்போயிருந்தது. கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கால் போனவனுக்குத் தறி ஏது? தறி போன வீட்டில் அடுப்பு ஏது? அந்த வைத்தியர் கேட்டது என்ன தெரியுமா? “இடையில் மீன் சாப்பிட்டாயா?” என்பதுதான்!

சிறு பிள்ளைகளுக்கு வரும் நீரிழிவு இன்னும் கொடியது. உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுவிடுகின்றது. 1922-க்கு முன் அப்படிப்பட்ட பிள்ளைகள் சில மாதங்களில், மிஞ்சினால் ஓரிரு வருஷங்களில் செத்துப்போனார்கள். 1922 ஜனவரியில் கனடாவில் டொரண்டோ நகரில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதல் இன்சுலின் போட்டார்கள். சாகக் கிடந்தவன் மேலும் 13 வருஷம் வாழ்ந்தான். கண்டுபிடித்தவர்கள் உரிமையைத் தங்கள் சர்வகலாசாலைக்கு ஆளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்துவிட்டார்கள். அப்படிப்பட்ட பிள்ளையின் ஊசியை நிறுத்திவிட்டுக் கஷாயம் கொடுப்பவன் யாராயிருந்தாலும், எந்தப் பட்டம் வைத்திருந்தாலும், அவன் கொலை செய்கின்றான் என்று தாட்சணியமின்றிச் சொல்லுகின்றோம்.

பஸ்பம், செந்தூரம் என்பவற்றில் பாதரசமும் ஈயமும் சேர்க்கும் வழக்கம் உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதச் சரக்குகளைச் சோதித்து 2004-இல் வெளியிட்டதில் 14-இல் ஈயமோ, பாதரசமோ, பாஷாணமோ இருந்தது. 2008-இல் 193 சரக்குகளைப் பார்த்ததிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இருந்தது. மூட்டுவலிச் சூரணத்தில் இங்கிலீஷ் ஸ்டீராய்டு மருந்தையே தூளாக்கிக் கலந்து விற்றதும் பிடிபட்டிருக்கின்றது. திட்டுவது இங்கிலீஷ் மருந்தை; கலப்பதும் அதையே!

நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, உடற்பருமன் முதலியவற்றைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்யக்கூடாதென்று 1954-லேயே மாய மருந்து விளம்பரத் தடைச்சட்டம் வந்துவிட்டது. 2024-இல் உச்ச நீதிமன்றம் கண்டித்த பிறகு ஒரு பெரிய கம்பெனி பத்திரிகைகளில் மன்னிப்பு விளம்பரம் போட்டது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது, ஜனங்கள் கேட்கவேண்டும்.

சித்த வைத்தியம் நம்முடையதாயிற்றே?

“ஆயுர்வேதம் வடமொழிக்காரருடையது, அதைத் திட்டுங்கள், சித்த வைத்தியம் தமிழனுடையது, அதைத் தொடாதீர்கள்” என்று நம் தோழர்களில் சிலர் சொல்லக்கூடும். தமிழில் எழுதிவைத்தால் பாதரசம் பாலாகிவிடுமா? அகத்தியர் சொன்னார் என்பதும், அசுவினி தேவர் சொன்னார் என்பதும் ஒரே வழிதான். நமக்குத் தராசு ஒன்றுதான் இருக்கவேண்டும். தமிழனுக்கு ஒரு தராசு, மற்றவனுக்கு ஒரு தராசு என்பது பகுத்தறிவும் ஆகாது, யோக்கியமும் ஆகாது.

இங்கிலீஷ் டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை

உடனே இங்கிலீஷ் டாக்டர்கள் சந்தோஷப்பட வேண்டியதில்லை. தேவையில்லாத சோதனைக்கு எழுதுவதும், கமிஷன் வாங்குவதும், கம்பெனிக்காரன் கொடுக்கும் பரிசுக்காக விலை உயர்ந்த மருந்தைத் தலையில் கட்டுவதும் நடக்கின்றது என்பது ஊரறிந்த சங்கதி. அவர்கள் ஒரு நோயாளியிடம் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசினால், பாதிப் போலி வைத்தியர்கள் கடையை மூடவேண்டியதுதான். டாக்டரும் கடவுளல்ல. அவரிடமும் கேள்வி கேட்கலாம், கேட்கவேண்டும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு: அவர் படித்த புத்தகத்தில் தப்பு இருந்தால் அடுத்த பதிப்பில் மாற்றிவிடுகின்றார்கள், சரகத்தை அப்படி மாற்ற முன்வருவார் யார்?

கர்மத்திற்குப் புதுச் சட்டை

கடைசியாக ஒன்று. இவற்றை “வாழ்க்கைமுறை வியாதி” என்று இரண்டு வைத்தியர்களும் சொல்லுகின்றார்கள். இதைக் கேட்டால் நோயாளி ஏதோ தின்று கொழுத்து வரவழைத்துக்கொண்டது போல் தோன்றுகின்றது. ரேஷன் அரிசியை மூன்று வேளையும் தின்பவன் ஆசைப்பட்டா தின்கின்றான்? பருப்பும் காய்கறியும் வாங்கக் காசு எங்கே? மில்லில் இரவு வேலை செய்து பகலில் தூங்குகின்றவன் பகல் தூக்கம் கூடாதென்ற பத்தியத்தை எப்படி நடத்துவது? எல்லோரும் சாப்பிட்ட பிறகு, மிஞ்சின சோற்றைக் குழம்போடு பிசைந்து தின்று எழுந்திருக்கும் நம் தாய்மார்களுக்குத் தனியாகப் பத்தியம் சமைத்துக் கொடுப்பவர் யார்? நடக்கச் சொல்லுகின்றார்கள், பெண்கள் சாயங்காலத்தில் நிம்மதியாய் நடக்க ஊரில் ஒரு தெரு உண்டா?

முன்பு ஏழ்மைக்கும் நோய்க்கும் போன ஜன்மத்துப் பாவம் என்றார்கள். இப்போது உன் வாழ்க்கைமுறை என்கின்றார்கள். குற்றம் அன்றும் நோயாளி தலையில். இன்றும் நோயாளி தலையில். வாழ்க்கை முறையை மாற்று என்பவர்கள் கூலியையும் வேலை நேரத்தையும் சாப்பாட்டின் விலையையும் பற்றியும் பேசவேண்டும். தமிழ்நாட்டில் 2021-இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற திட்டத்தை ஆரம்பித்து, சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கச் செய்தார்கள். இப்படிப்பட்ட காரியங்கள் நூறு யோசனை நடப்பதைவிட ஏழைக்கு அதிகப் பிரயோஜனமானவையாகும்.

கேட்கவேண்டிய கேள்விகள்

ஆகவே தோழர்களே! யாரிடம் வைத்தியத்திற்குப் போனாலும் ஐந்து கேள்வி கேளுங்கள்.

1. இந்த மருந்தில் என்னென்ன சேர்ந்திருக்கின்றது? எழுதிக் கொடுப்பீர்களா?

2. இது யாருக்குக் கொடுத்து, எத்தனை பேருக்குக் கொடுத்து, எப்படிச் சோதிக்கப்பட்டது?

3. பலன் உண்டா, இல்லையா என்பதை எந்த அளவைக்கொண்டு, எத்தனை நாளில் பார்ப்பது?

4. பலிக்கவில்லையானால் மருந்தின் மேல் குற்றமென்று ஒப்புக்கொள்ளுவீர்களா?

5. நான் சாப்பிடும் மாத்திரையையோ ஊசியையோ நிறுத்தச் சொல்லுகின்றீர்களா? சொன்னால் அதற்குக் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா?

நல்ல வைத்தியர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார். நமக்குத் தெரிந்த ஓர் ஆயுர்வேத வைத்தியர் இருக்கின்றார். வருகின்றவர்களை முதலில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்து வரச்சொல்லுகின்றார். ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்தாதே என்கின்றார். நடையும் சாப்பாடும் சொல்லி, காலைத் தினம் கழுவித் துடைத்துப் பார் என்று அனுப்புகின்றார். அவருக்கு வரும்படி குறைவுதான். ஆனால் அவரிடம் போனவர்களுக்குக் காலும் கண்ணும் இருக்கின்றன. அவரிடத்தில் நமக்கு என்ன சண்டை? ஏட்டை நம்புகின்ற வைத்தியராய் இல்லாமல், எதிரிலிருக்கும் நோயாளியைப் பார்க்கின்ற வைத்தியராய் அவர் இருக்கின்றார் என்பதே காரணம்.

இன்று இங்கு வந்திருக்கின்றவர்களில் 30 வயதைத் தாண்டினவர்கள் நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குப் போய்ச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருக்கும் பெண்களையும் அழைத்துப் போங்கள். நாம் சொன்னதில் எதை ஒப்புக்கொள்ளாவிட்டாலும் இந்த ஒன்றையாவது செய்யுங்கள். தெரியாத வியாதியே கொல்லுகின்றது. தெரிந்துகொண்ட வியாதியோடு அநேகர் பேரன் பேத்தி எடுக்கின்றார்கள்.